நாடி சொல்லும் சேதி

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அன்று வைத்தியர் விரல் வைத்துப் பார்த்தார். இன்று கைக்கடிகாரம் தோலில் பச்சை ஒளி பாய்ச்சி இரவெல்லாம் பார்க்கிறது.

சந்தாபுராவில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் நான், அத்தகைய கடிகாரத்தை மூன்று மாதம் அணிந்தேன். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை. “எல்லாம் மனப்பிரமை” என்றனர் உடன் படிப்போர். பிரமையா? கருமுட்டை வெளியானபின் புரோஜெஸ்டிரோன் சுரப்பு ஏறுகிறது. உடல் வெப்பம் சிறிது உயர்கிறது. ஓய்விலுள்ள இதயமும் பெரும்பாலும் நிமிடத்திற்கு இரண்டு மூன்று துடிப்பு கூடுதலாகத் துடிக்கிறது. விலக்கு வந்ததும் தணிகிறது. என் கடிகாரம் மும்முறையும் அதையே காட்டியது.

ஆயினும் தோழியரே, ஏமாற வேண்டாம்! காய்ச்சலும் தேர்வுக் கவலையும்கூடத் துடிப்பை ஏற்றும். தொல்லையே இல்லாதவளுக்கும் அம்மாத ஏற்றம் உண்டு. துடிப்பு நாளைக் காட்டும், துன்பத்தை அளக்காது. அதனாலன்றோ மருத்துவர்கள் இரண்டு மாதச் சுழற்சிக்கேனும் அன்றாடக் குறிப்பு எழுதிவரச் சொல்கின்றனர்! அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, பெண் ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் மாதவிலக்கு விடுப்பு அளிக்க ஒப்புதல் தந்தது. பக்கத்துப் பொம்மசந்திரா ஆலைகளில் உழைக்கும் சகோதரியிடம் நாளை எவரேனும், “விடுப்பா? கடிகாரத்தைக் காட்டு” என்றால்? கூடாது என்பேன்.

கடிகாரம் நமக்குத் துணையாகட்டும். பிறருக்குப் பெண்ணின் சொல்லே போதும் சாட்சி!