நாலு சுவருக்குள் சாதி இல்லையா?

ஒரு அக்காவோடு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஒரு அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை அவங்களுக்கு. மேலதிகாரியோட டம்ளர்ல தண்ணி குடிச்சிட்டாங்களாம். அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சாதிப் பேரைச் சொல்லி, பெத்த தாயையும் சேர்த்துப் பேசியிருக்கான் அந்த ஆள். புகாரைப் படித்த ரைட்டர் தலையைத் தூக்காமலேயே கேட்டார்: "யாரும்மா பாத்தது?"

"யாரும் இல்ல சார். அவரும் நானுந்தான்."

"அப்ப பி.சி.ஆர். நிக்காதும்மா. பப்ளிக்ல பேசியிருக்கணும். சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு."

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க: "என்னையப் பேசுனத நான் கேட்டேன்ல சார். நான் பப்ளிக் இல்லையா?"

ரைட்டரிடம் பதில் இல்லை. பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு நின்ற என்னிடமும் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே தோழர்கள் முன்னால் வைக்கிறேன்.

ரைட்டர் சொன்னது பொய்யில்லை. 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி மக்களை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது குற்றம் என்கிறது. ஆனால் கூடவே ஒரு வாலை ஒட்டி வைத்திருக்கிறது: அது 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட ஓர் இடத்தில்' நடந்திருக்க வேண்டும். 2015இல் சட்டத்தைத் திருத்தி, 2016 ஜனவரி 26இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பிரிவு 3(1)(ஆர்) ஆனது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) என்று தனிக் குற்றமானது. ஆனால் வால் மட்டும் அறுபடவில்லை. இரண்டு பிரிவிலும் அதே 'பொதுப் பார்வை'.

இந்தச் சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்துவந்த விளக்கங்களைத் தேதி வரிசையில் பாருங்கள். 2008இல் ஸ்வரன் சிங் வழக்கு. வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் காரோடு நின்ற ஒரு தலித் ஓட்டுநரைச் சாதி சொல்லித் திட்டிய விவகாரம். 'பொது இடம்' வேறு, 'பொதுப் பார்வை' வேறு, தனியார் இடமே ஆனாலும் வெளியில் இருப்பவர் பார்க்க முடிந்தால் அது பொதுப் பார்வைதான் என்றது நீதிமன்றம். கட்டடத்துக்கு உள்ளேயே நடந்தாலும் சொந்தக்காரர், நண்பர் அல்லாத வெளி ஆட்கள் அங்கே இருந்தால் குற்றந்தான் என்றும் சொன்னது. அந்த அளவுக்கு நமக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் யாரும் இல்லாத அறை வெளியே தள்ளப்பட்டது அங்கேதான்.

2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கு, உத்தரகாண்டிலிருந்து. நிலத் தகராறு. வீட்டின் நாலு சுவருக்குள் திட்டியதாகப் புகார். வெளி ஆள் யாரும் இல்லை, ஆகவே பிரிவு பொருந்தாது என்று சொன்னதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. தகராறு நிலத்துக்காக, அந்தப் பெண் பட்டியல் சாதி என்பதற்காக அல்ல என்றும் சொன்னது. தோழர்களே, இந்த நாட்டில் நிலத் தகராறும் சாதியும் எங்கே தனித்தனியாக இருந்திருக்கின்றன? பஞ்சமி நிலம் கைமாறிப் போனது வெறும் சொத்துத் தகராறா? நம்முடைய நிலத்தைப் பிடுங்குவதையே வன்கொடுமை என்று இதே சட்டம் தனிப் பிரிவாக எழுதி வைத்திருக்கிறதே!

2023 மே மாதம் இன்னொரு தீர்ப்பு. என்ன வார்த்தை சொல்லித் திட்டினார் என்பது எஃப்.ஐ.ஆரிலோ, குறைந்தது குற்றப்பத்திரிகையிலோ இருந்தாக வேண்டும் என்றது. 'சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்' என்று மொட்டையாக எழுதினால் போதாது.

கடைசியில் 2025 ஜனவரி 31. இது நம்ம ஊர் வழக்கு. லால்குடி காவல் துணைக் கண்காணிப்பாளர் தரப்பில் வந்தது. பட்டா விவகாரமாக மனு கொடுத்திருந்த ஒருவர், வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய், பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்த ஆய்வாளரைச் சாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். சக ஊழியர்கள் வந்து அவரைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போனார்கள். அவர்கள் வந்தது திட்டி முடித்த பிறகு, அறை நாலு சுவருக்குள் இருக்கிறது, ஆகவே பொதுப் பார்வை இல்லை என்று வழக்கையே ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். ஓர் அரசு அலுவலகம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற இடம், தினமும் மனுவோடு மக்கள் நுழைகிற கதவு. அதுவே பொதுப் பார்வை இல்லை என்றால் எங்க அக்கா நின்ற அறைக்கு என்ன கதி? ரைட்டர் தைரியமாகப் பேசினதுக்குக் காரணம் இதுதான்.

அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி பி.ஆர். கவாய். நம்ம ஆள். 2019இல் இந்தச் சட்டத்தை மீட்டுக் கொடுத்த மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர். அதனால்தான் சொல்கிறேன், தனி மனிதரைத் திட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை. கோளாறு சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. நீதிபதி நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அந்த வாசகம் அவர் கையைக் கட்டும். கட்டுவதற்கு ஒப்புக்கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

சரி, சாதி எங்கே குடியிருக்கிறது? ஊர்ச் சாவடியிலும் தேர் வீதியிலும் மட்டுமா? அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய மனிதர். பியூன்கள் கோப்புகளைத் தள்ளி நின்று மேசையில் வீசினார்கள் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். தங்கியிருந்த பார்சி விடுதிக்குத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அலுவலகம் நாலு சுவர். விடுதியும் நாலு சுவர். இன்றைய விளக்கத்தை வைத்துப் பார்த்தால் பாபாசாகேபே 'யார் பார்த்தது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இன்றைக்குச் சாதி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. தலைமை ஆசிரியர் அறை, ஆராய்ச்சி மாணவனின் நெறியாளர் அறை, மேஸ்திரி ஷெட், பங்களாச் சமையல்கட்டு. தெருவில் வைத்துத் திட்டினால் கேஸ் ஆகும் என்று அவனுக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு திட்டக் கற்றுக்கொண்டான். சட்டம் அவனைத் திருத்தவில்லை, கதவைச் சாத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

'சாட்சி இல்லாம எப்படிங்க? பொய் கேஸ் போடுவாங்களே' என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்மாட்களிலேயே உண்டு. சாட்சி இருக்கிறதா என்பது வேறு, குற்றம் நடந்ததா என்பது வேறு. வீட்டுக்குள் மனைவியை அடித்தால் வெளியாள் பார்க்கவில்லை என்பதற்காக அது குற்றம் இல்லை என்று சட்டம் சொல்கிறதா? பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறிச் சொல்கிறார், குறுக்கு விசாரணை நடக்கிறது, நம்பலாமா வேண்டாமா என்று நீதிபதி முடிவு செய்கிறார். அதுதானே முறை. நமக்கு மட்டும் கூண்டில் ஏறுவதற்கு முன்னாலேயே கதவு சாத்தப்படுகிறது. அவள் பொய் சொன்னாள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அவள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் குற்றமில்லை என்று சொல்கிறது. இதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இன்னொரு பக்கம் அரசியல் சட்டத்தைப் பாருங்கள். 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது, அதை 'எந்த வடிவத்திலும்' கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட வாசகம். அதில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. அரசியல் சட்டம் போடாத சுவரை அதன் பெயரால் வந்த ஒரு சட்டம் எப்படிப் போடலாம்?

நாம் பேச மறந்த இன்னொரு சங்கதி இருக்கிறது. ஊரில் எந்த வன்கொடுமை வழக்கையும் 'பி.சி.ஆர். கேஸ்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குரிய சட்டத்தை யாரும் தொடுவதில்லை. 1955இல் வந்து, 1976இல் திருத்தப்பட்டுப் பெயர் மாறிய குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் 7(1)(டி) பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் பட்டியல் சாதியினரை அவமதிப்பதும் அவமதிக்க முயல்வதும் குற்றம் என்கிறது. 'பொதுப் பார்வை' என்ற வார்த்தையே அங்கே கிடையாது. 12ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேல்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் அடிப்படையில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிரி. பழைய சட்டம், பல் குறைவு. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம், அபராதம் நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய். பழங்குடி மக்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பது பெரிய ஓட்டை. ஆனாலும் சாத்திய கதவுக்குள் நுழைய நம்மிடம் இருக்கிற சாவி இது.

இதை நான் எத்தனை புகாரில் எழுதியிருக்கிறேன்? வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த அக்கா கேட்கும்வரை ஒன்றில்கூட இல்லை. ஒரே புகாரை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வக்கீல் தொழிலில் நமக்குக் கற்றுக்கொடுக்க ஆள் குறைவு. சீனியர் அறையில் 'தம்பி எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?' என்ற விசாரிப்பு முடிந்த பிறகுதான் கட்டு கைக்கு வரும். அந்த அறைக்கும் நாலு சுவர்தான். ஆனாலும் அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் பாதிக்கப்பட்டவர்கள்தான் தோற்றுப் போவார்கள்.

ஆகவே தோழர்கள், குறிப்பாகச் சட்டம் படிக்கிற மாணவர்கள், புகார் எழுதும்போது இவற்றை மறக்காதீர்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம். கதவு திறந்திருந்ததா, ஜன்னல் எந்தப் பக்கம், வராந்தாவில் யார் காத்திருந்தார்கள், யார் எப்போது வந்தார்கள் என்பதை நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். அவமதிப்புப் பிரிவோடு 7(1)(டி)யையும் கேட்டு வாங்குங்கள். அடி, மிரட்டல், நிலப் பறிப்பு இருந்தால் அவற்றுக்குரிய பிரிவுகளை விடாதீர்கள். அவற்றில் இந்த வால் கிடையாது.

2024 ஜூலை 1இலிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவைக் காட்டி, 'முதல்ல விசாரிக்கிறோம், பதினாலு நாள் ஆகும்' என்று சொல்வார்கள். ஏமாற வேண்டாம். வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. மற்றச் சட்டங்களை மீறி இச்சட்டமே நிற்கும் என்கிறது 20ஆவது பிரிவு. கடமை தவறும் அதிகாரிக்கு 4ஆவது பிரிவு இருக்கிறது. ஜாமீன் மனுவில்கூட நம் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதற்கு 15ஏ இருக்கிறது.

18ஏ சும்மா வந்ததில்லை. 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை நீர்த்துப்போக வைத்தபோது, ஏப்ரல் 2இல் நாடு முழுக்கத் தெருவில் இறங்கினோம். வடக்கே உயிர்கள் போயின. அந்த வருடமே பாராளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் திருத்தம் செல்லும் என்றது. ஒரே தீர்ப்பில் விழுந்த அடி கண்ணுக்குத் தெரிந்தது, கொதித்தோம். இந்தச் சுவரோ ஒவ்வொரு செங்கல்லாக, 2008, 2020, 2023, 2025 என்று சத்தமில்லாமல் எழும்பியிருக்கிறது. யாரும் தெருவுக்கு வரவில்லை.

நம் கோரிக்கை சிறியது. 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டு பிரிவிலிருந்தும் 'பொதுப் பார்வை' என்ற வார்த்தையை நீக்கு. பலர் முன்னிலையில் நடந்தால் தண்டனையைக் கூட்டிக்கொள். யாரும் இல்லாதபோது நடந்தாலும் குற்றம் குற்றமே. இதைச் செய்ய வேண்டியது பாராளுமன்றம். தனித் தொகுதியில் நின்று நம் ஓட்டில் ஜெயித்துப் போனவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டியது நாம்.

அந்த அக்கா வழக்கு? மறுநாள் 7(1)(டி) சேர்த்துப் புதிதாக எழுதினோம். ரைட்டர் அந்தச் சட்டத்தைப் பார்த்ததே இல்லை, புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். எஸ்.பி. வரைக்கும் போய், மூணு வாரம் அலைந்து எஃப்.ஐ.ஆர். வாங்கினோம். வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா அக்கா வர்றாங்க. ஒரு நாள் கூலி போகுது. ஆனாலும் வர்றாங்க.