ஹோகன் கணக்கில் ஒரு வரவு

ஹல்க் ஹோகன் 2025 ஜூலை 24ஆம் தேதி ஃப்ளோரிடாவில் இறந்தார். அதையொட்டிச் சென்ற இதழில் நண்பர் எழுதிய குறிப்பு, அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தைத் தனி ஆளாக மாற்றிய பெருமை முழுவதையும் அவர் கணக்கில் வரவு வைக்கிறது. ஒரு கவிதையில் அதிகப்படியாக ஒரு சொல் இருந்தால்கூடப் பொறுக்காதவர் நண்பர். ஒரு பயில்வான் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளம் என்று தெரியவில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு கணக்கில் வரவு விழுந்திருந்தால் அதற்கான பற்று எந்தக் கணக்கில் என்று பார்ப்பதுதான் பகல் முழுவதும் என் வேலை. பற்று இல்லாத வரவு எங்கள் தொழிலில் ஒன்று தவறு, இல்லாவிட்டால் மோசடி. விமர்சனத்திலும் இதே விதி செல்லும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மல்யுத்தம் பொய் என்பது என் வாதம் அல்ல. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது என்ற செய்தி, பள்ளிக்கூட நாட்களில் பயில்வான் படம் போட்ட டிரம்ப் கார்டுகளை வைத்து ஆடிய என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் ஏமாற்றமாக இருந்தது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. பார்த் 1957லேயே இதை விளையாட்டாகப் பார்க்காமல் ஒரு காட்சியாகப் பார்த்து எழுதிவிட்டார். முடிவு முன்பே தெரிந்த கதைகளை நாமும் விடிய விடியக் கூத்தில் பார்க்கிறவர்கள்தான். என் கேள்வி வேறு. முடிவு நிச்சயிக்கப்பட்ட ஒரு கலையில் வெற்றியை ஜெயித்தவனின் சாதனையாக எப்படி எழுதுவது?

1984 ஜனவரி 23, நியூயார்க், மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஆறு நிமிஷத்துக்குள் ஹோகன் அயர்ன் ஷேக்கைத் தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துக்கொள்கிறார். எல்லாம் இங்கே தொடங்கியது என்கிறார் நண்பர். சரி, தோற்றவர் யார்? ஈரானில் பிறந்த ஹுசைன் வாசிரி. 1971இல் அமெரிக்காவின் அமெச்சூர் மல்யுத்தப் பட்டம் பெற்றவர். நிஜமாகவே மல்யுத்தம் தெரிந்தவர். டெஹ்ரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்த நாட்கள் ஜனங்களுக்கு மறந்திருக்கவில்லை. அந்தக் கோபத்தை ராத்திரிக்கு ராத்திரி தன் உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் வாசிரியின் வேலை. அந்த வெறுப்பு இல்லாமல் அன்றைய ஆரவாரம் இல்லை.

அடி வாங்கியவன் வலியை நம்பவைப்பதை அவர்கள் பாஷையில் செல்லிங் என்கிறார்கள், அதாவது விற்பது. அடியை நிஜமாக்குகிறவன் விழுகிறவன்தான். இந்தக் கலையின் அடிப்படையே இது. இதைப் பார்க்காமல் அடித்தவனின் புஜத்தை மட்டும் வியப்பது ரசனை ஆகாது.

1987 மார்ச் 29இல் நடந்ததைக் கேளுங்கள். மிச்சிகனில் பான்டியாக் சில்வர்டோம். வந்தவர்கள் 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்தது. அது ஊதிப் பெருக்கிய கணக்கு என்பவர்கள் உண்டு. ஹோகன் ஆந்த்ரே த ஜெயன்ட்டைத் தூக்கிப் போட்டார். ஆந்த்ரே பதினைந்து வருஷமாகத் தோற்றதில்லை, அவரை யாரும் தூக்கியதில்லை என்று ஜனங்களிடம் சொல்லப்பட்டது. இரண்டும் பொய். 1980இல் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகன்தான் அவரைத் தூக்கியிருக்கிறார். வளர்ச்சி நிற்காத நோயோடு, முதுகில் ஆபரேஷன் ஆகி, உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டு அன்று கோதாவில் ஏறியவர் ஆந்த்ரே. 520 பவுண்டு என்று விளம்பரப்படுத்தப்பட்ட அந்த உடம்பை அவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் அசைத்திருக்க முடியாது. 1993இல், 46 வயதில், அவர் இறந்துபோனார். நண்பரின் குறிப்பில் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, தூக்கப்பட்ட பொருளாக.

அடுத்தது ‘மாற்றினார்’ என்ற வினைச்சொல். 1948லிருந்து அமெரிக்க மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பங்குபோட்ட வியாபாரம். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நுழைவதில்லை என்பது அவர்களுக்குள் உடன்பாடு. 1982இல் தகப்பனாரின் கம்பெனியை விலைக்கு வாங்கிய வின்ஸ் மக்மேஹன் அந்த உடன்பாட்டை உடைத்தார். கேபிள் டெலிவிஷன் அவருக்குக் கைகொடுத்தது. 1984இல் எம்டிவியோடு சேர்ந்துகொண்டார். 1989இல் அவருடைய கம்பெனி நியூ ஜெர்சி சட்டமன்றத்தில் இது போட்டியல்ல, வெறும் கேளிக்கை என்று ஒப்புக்கொண்டு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்து கழன்றுகொண்டது. மாறியது சந்தை, மாற்றியது முதலாளி. பாணியாவது ஹோகனுடையதா என்றால் அதுவும் இல்லை. ஜடை வளர்த்து, வாசனைத் திரவியம் தெளித்துக்கொண்டு வந்து டெலிவிஷனை வசப்படுத்திய கார்ஜியஸ் ஜார்ஜ் 1940களின் மனிதர். வெளுத்த முடி, முறுக்கேறிய உடம்பு, வாய்ச்சவடால் எல்லாம் எழுபதுகளில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமிடம் இருந்தவை.

ஹோகனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மக்மேஹனிடம் வருவதற்கு முன்பே மினியாபொலிஸிலும் ஜப்பானிலும் கூட்டம் சேர்த்தவர் அவர். காதருகே கையை வைத்துக் கடைசி வரிசைக்காரனையும் கத்தவைக்கும் வித்தை எல்லோருக்கும் வராது. வேறொருவரை நிறுத்தியிருந்தால் மக்மேஹனின் சூதாட்டம் படுத்திருக்கலாம். இந்த வரவை நான் மறுக்கவில்லை. ஆனால் இதையே ஒப்புக்கொண்டால்தான் நண்பர் தொடாமல் விட்ட இடத்துக்கு வந்து சேர்கிறோம். இவர் இல்லாமல் நிகழ்ச்சி நடக்காது என்ற நிலை உண்மையென்றால், அந்தப் பலத்தை இவர் எதற்குச் செலவழித்தார்?

1986இல், இரண்டாவது ரெஸில்மேனியாவுக்கு முன்னால், ஜெஸ்ஸி வென்சுரா சக பயில்வான்களிடம் சங்கம் வைக்க வேண்டும் என்று பேசினார். இவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது. விளம்பரமெல்லாம் முடிந்து மேடை தயாராக இருக்கும் இந்த வேளையில் ஒன்றாக நின்றால் முதலாளி பேச வந்தே ஆக வேண்டும் என்பது அவர் யோசனை. விஷயம் உடனே மக்மேஹன் காதுக்குப் போயிற்று. பின்னால் வீடியோ உரிமைத் தொகைக்காக வென்சுரா தொடுத்த வழக்கில், மக்மேஹன் சத்தியப் பிரமாணத்தின் பேரில் அளித்த சாட்சியத்தில் போய்ச் சொன்னவர் ஹோகன் என்று தெரிந்ததாக வென்சுரா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சங்கம் அன்று உருவாகவில்லை. இன்றும் இல்லை. இன்றும் அந்தப் பயில்வான்கள் கம்பெனியின் கணக்கில் ஊழியர்கள் அல்ல, சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள்.

இந்தக் கட்டுரையை நான் ஒரு நான்காவது சனிக்கிழமை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த விடுமுறை 2015இல் எங்கள் சங்கங்கள் உட்கார்ந்து பேசி வாங்கியது. அதை வாங்கித் தந்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் யாருக்கும் இரங்கல் குறிப்பு நம் பத்திரிகையில் வராது. ஒரே ஆள் வந்து எல்லாவற்றையும் மாற்றினார் என்று எழுதுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. நவீன கவிதையைப் பற்றியும் நாம் இப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். அச்சுக்கூடத்துக்கு யார் கடனில் பணம் கட்டினார்கள் என்பது அந்தச் சரித்திரத்தில் வருவதில்லை.

ஒரு தனி ஆள் தொழில்முறை மல்யுத்தத்தை மாற்றியிருக்க முடியுமா? முடியும் என்றுதான் நானும் நினைக்கிறேன். 1986இல் ஒரு முறை முடிந்திருக்கும். ஹோகன் ஒரு ராத்திரி மேடையேற மறுத்திருந்தால் போதும். அவருக்குக் கீழே விழுந்து விழுந்து அவரைத் தூக்கிவிட்டவர்களின் முதுகுவலிக்கு ஒரு வைத்தியச் செலவாவது கிடைத்திருக்கும். வென்சுரா சொல்வது நிஜமானால் அவர் செய்தது நேர் எதிரானது. நண்பர் தமது வரவை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். எதிர்ப்பக்கத்தில் இந்தப் பற்றையும் எழுதிவிட்டு இருப்பு என்ன என்று அடுத்த இதழில் சொல்லட்டும்.