டயருக்கும் வயதுண்டு

மலைநாட்டு வீதிகளில் விபத்து நேரும்போதெல்லாம் பிரேக்கைப் பற்றிப் பேசுகின்றோம். சாரதியின் வேகத்தைப் பற்றிப் பேசுகின்றோம். வளைவுகளையும் பள்ளங்களையும் பழிக்கின்றோம். வாகனத்தில் வீதியைத் தொடுகின்ற ஒரே உறுப்பு டயர். அதைப்பற்றி மட்டும் அது வெடித்த பின்னரே பேசுகின்றோம். அப்பொழுதும், "டயர் வெடித்தது, விதி முடிந்தது" என்று சொல்லி ஆறுதல் அடைகின்றோம். இது விதியன்று. அறியாமையும் அலட்சியமும் கூடிச் செய்யும் வினை என்பதே நம் கருத்து.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையில் 7 உயிர்கள் மாண்டன. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் இறந்தனர். இவற்றுக்கு டயரே காரணம் என்று நாம் கூற வரவில்லை. விபத்துக்களில் பெரும்பாலானவை வேறு காரணங்களால் நேர்வன என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் இவ்விரு துயரங்களும் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. சமவெளியில் ஒரு டயர் வெடித்தால் வண்டி வயலில் இறங்கக்கூடும். மலையில் இறங்குவதற்கு வயல் இல்லை. பிழை நேர்ந்த பின் திருத்துவதற்கு இடமில்லாத வீதியில், பிழை நேராமற் காப்பதொன்றே வழியன்றோ?

டயர் தேய்வதை யாவரும் அறிவர். அது மூப்படைவதைப் பலர் அறியார். தேய்வு வேறு, மூப்பு வேறு. இறப்பர் என்பது கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட நீண்ட இழைகளின் கூட்டம். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்ட அந்தப் பிணைப்பே அதற்கு உரத்தையும் நெகிழ்ச்சியையும் தருகின்றது. ஆனால் காற்றிலுள்ள ஒட்சிசன் அதனை இடைவிடாது அரித்து வருகின்றது. வெளியிலிருந்து மட்டுமன்று, டயருக்குள் அழுத்தி அடைக்கப்பட்ட காற்றும் இறப்பரை ஊடுருவி மெல்ல மெல்ல வெளியேறுகின்றது. போகும் வழியில் உட்பகுதியை இறுகச் செய்கின்றது. உருக்குக் கம்பிப் பட்டிகளுக்கு இடையிலுள்ள இறப்பர் இறுகி ஒட்டும் தன்மையை இழக்கும்போது பட்டிகளின் விளிம்பில் நுண்ணிய வெடிப்புத் தோன்றுகின்றது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பாரமும் வேகமும் வெப்பமும் ஒருங்கே கூடும் ஒரு நாளில் மேற்பட்டை உரிந்து பிரிகின்றது. அன்றுதான் நாம் "திடீரென்று வெடித்தது" என்கின்றோம். உண்மையில் அது பல ஆண்டுகளாக நடந்து வந்த காரியத்தின் முடிவேயாகும்.

இன்னுமொன்று. வெயிலிலிருந்தும் ஓசோன் வாயுவிலிருந்தும் இறப்பரைக் காப்பதற்கு அதனுள் மெழுகு போன்ற பொருள்களைக் கலக்கின்றனர். டயர் உருண்டு வளையும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காவல் செய்கின்றன. ஆகவே ஓடாது நிற்கும் வாகனத்தின் டயரும், ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்பெயார் டயரும் "புதிது போல்" தோன்றினும் புதியவையல்ல. ஆழமான கட்டையைப் பார்த்து இளமையைத் தீர்மானிப்பது, தலையில் நரையில்லை என்பதால் முதியவரை வாலிபரென்று மதிப்பதை ஒக்கும்.

"எங்கள் நுவரெலியா குளிர் பிரதேசம், வெப்பத்தால் வரும் கேடு இங்கு ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. குளிரில் ஒட்சிசனின் வேலை மந்தமாகவே நடக்கும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, விபத்துக்கள் வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களிலேயே செறிந்திருந்தன. ஆனால் நம் வாகனங்கள் குளிரிலேயே வாழ்கின்றனவா? கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லொறி, விடியுமுன் தம்புள்ளையிலோ கொழும்பிலோ நிற்கின்றது. இறங்கும் வழியெங்கும் பிரேக்கின் சூடு சக்கரத்துக்கு ஏறுகின்றது. அளவுக்கு மிஞ்சிய பாரமும் குறைந்த காற்றும் டயரை மேலும் கொதிக்க வைக்கின்றன. தோட்டத்துக் கல்வீதிகள் பக்கச் சுவரைக் கிழிக்கின்றன. கிழிந்த இடத்தால் மழைநீர் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. இவையெல்லாம் போக, இறுகிய இறப்பர் நனைந்த வீதியைப் பற்றிக்கொள்ளாது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மழையும் பனிமூட்டமும் எத்தனை மாதம் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் எப்போது மாற்றுவது? டயரின் பிறந்த நாள் அதன் பக்கச் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 2000ஆம் ஆண்டு முதல் அது நான்கு இலக்கங்களாக உள்ளது. முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்பது பொருள். ஒரு பக்கத்தில் இல்லையெனில் மறுபக்கத்தில் பார்க்க வேண்டும். பல டயர்களில் அது ஒரு பக்கத்திலேயே இருக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் விடயமறிந்தவரிடம் காட்டுதல் வேண்டும். ஆறு ஆண்டில் மாற்றும்படி வாகன உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். டயர் உற்பத்தியாளர்களிற் பலரும் பத்து ஆண்டை இறுதி எல்லையாக வைக்கின்றனர். கட்டை எவ்வளவு மீந்திருந்தாலும் அதற்கு மேல் வேண்டாம். வெடிப்பு, வீக்கம், புதிதாகத் தோன்றிய அதிர்வு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் வயதைப் பாராது கழற்றிவிட வேண்டும். பழைய டயர் வாங்குவோர் விலையைக் கேட்கும் முன்னர் இந்த நான்கு இலக்கங்களைக் கேட்பாராக.

சட்டத்தின் நிலை என்ன? நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம், அறிவுள்ள ஒருவர் முன்கூட்டிக் காணக்கூடிய கேட்டைத் தடுக்கத் தவறுவதையே கவனயீனம் என்கின்றது. திகதி டயரிலேயே அச்சிடப்பட்டிருக்க, "எனக்குத் தெரியாது" என்று உரிமையாளர் எங்ஙனம் வாதாடுவார்? ஆனால் வழக்கு என்பது பிணம் வீட்டுக்கு வந்த பின்னர் நடப்பது. முன்னரே காப்பது ஒழுங்குவிதியின் கடமை. ஆண்டுதோறும் வருமான உத்தரவுப்பத்திரம் பெறுவதற்கு வாகனத்தின் புகையை அளக்கின்றார்கள். புகையை அளக்கும் அரசு, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டயரின் வயதைக் கேட்பது பெரும் பாரமா?

பிற நாட்டில் இது நடந்திருக்கின்றது. 2012 செப்டெம்பரில் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், இசைவிழாவிலிருந்து திரும்பிய பஸ் ஒன்றின் முன்சக்கர டயர் வெடித்து மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19க்கு மேல். அதன் கட்டையிலோ குறை காணப்படவில்லை. மகனை இழந்த தாய் ஒருவர் அழுது ஓய்ந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் இயக்கம் நடத்தினார். 2021 பெப்ரவரி 1 முதல், பஸ், லொறிகளின் முன் அச்சில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயர் பூட்டுவது பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. ஒரு தாயால் முடிந்தது, ஆயிரக்கணக்கான அங்கத்தவரைக் கொண்ட நம் சங்கங்களால் முடியாதா?

ஏழையின் தலையில் மேலும் ஒரு சுமையா என்ற ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2022இல் டொலரின் விலை 200 ரூபாயளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாயைக் கடந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியையும் பழைய டயரையும் வைத்தே மக்கள் பிழைத்தனர். ஆதலின் முச்சக்கர வண்டிச் சாரதியைத் தண்டிப்பதில் தொடங்கும் சட்டத்தை நாம் ஆதரிக்கமாட்டோம். பிறர் உயிரைக் கூலிக்கு ஏற்றுகின்ற பஸ், பாடசாலை வான், தொழிலாளரைக் கொண்டு செல்லும் தோட்ட லொறி ஆகியவற்றின் முன் அச்சிலிருந்தே அது தொடங்க வேண்டும்.

நாம் வேண்டுவன நான்கு. தகுதிச் சான்றிதழில் டயரின் வயது பதியப்படுதல் வேண்டும். முன் அச்சுக்குப் பத்து ஆண்டு எல்லை விதிக்கப்படுதல் வேண்டும். விற்பனையாளர் பற்றுச்சீட்டில் உற்பத்தித் திகதியை எழுதுதல் வேண்டும். தொழிற்சங்கங்கள் தோட்டக் கம்பனிகளோடு பேசும்போது கூலியோடு தொழிலாளர் ஏறும் வண்டியின் நிலையையும் பேசுதல் வேண்டும். விவசாயிகளும் சாரதிகளும் கூட்டுறவாகச் சேர்ந்து மொத்தமாக டயர் வாங்கினால் விலைச்சுமையும் குறையும்.

1876இல் ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளிலிருந்து வளர்ந்த இறப்பர் மரங்களில் நம் மக்களும் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். கெட்டி டயர் உற்பத்தியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. அந்நாட்டின் மலைப்பாதையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் காலாவதியான இறப்பரின்மேல் உயிரை வைத்துப் போகும் நிலை நீடிக்கலாகாது. சட்டம் வரும்வரை காத்திராமல், இந்த வாரமே உங்கள் வாகனத்தின் அந்த நான்கு இலக்கங்களைப் படியுங்கள். உங்கள் பிள்ளை ஏறும் வானின் இலக்கங்களையும் படியுங்கள். படித்ததைச் சங்கக் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள்.