வாரியம் மாற்றி வாங்கும் ஆங்கில இலக்கியம்

தேவாரப் பாக்கள் முதுகுன்றம் என்று ஏத்திய ஊர் விருத்தாசலம் ஆனது எப்படி? முதுமையை 'விருத்தம்' என்றனர். குன்றத்தை 'அசலம்' என்றனர். கோயிலும் அதுவே, மணிமுத்தாறும் அதுவே. மாறியது பெயர்ப்பலகை ஒன்றே. பலகை மாறினால் பெருமை கூடும் என்ற அந்தப் பழைய நோய் இன்று பள்ளி வாயில்களில் குடியேறியுள்ளது. நேற்றுவரை மெட்ரிகுலேசன் என்று எழுதியிருந்த இடத்தில் இன்று நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பெயர் எழுதப்படுகிறது. பிள்ளை பயிலும் தேர்வு வாரியத்தை ஒன்பதாம் வகுப்பிற்குள் மாற்றிவிட வேண்டும் என்று முதுகுன்றம் போன்ற நடுத்தர நகரங்களின் பெற்றோர் துடிக்கின்றனர். ஏன் என்று கேட்டால், "அங்கே ஆங்கில இலக்கியம் நன்றாகக் கற்பிக்கிறார்கள்" என்பது விடை.

நன்று. அந்த ஆங்கில இலக்கியத்தையே எடுத்துப் பார்ப்போம்.

நடுவண் வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். பள்ளியே இடும் அகமதிப்பீட்டிற்கு 20. அந்த 80-இல் இலக்கியத்திற்கு உரியது 40. எஞ்சியவை படித்தறிதல், இலக்கணம், எழுத்துப்பயிற்சி ஆகியவற்றுக்கு உரியன. மாநிலப் பாடத்திட்டத்திலோ, இரு தாள்களாய் இருந்த ஆங்கிலம் 2019–20 முதல் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாயிற்று. உரைநடை, செய்யுள், துணைப்பாடம் மூன்றும் அதிலும் உண்டு. ஆக, ஓரிடத்தில் இலக்கியம் இருப்பதும் மற்றோரிடத்தில் இல்லாமையும் வேறுபாடு அல்ல. வினாவின் அமைப்பு வேறு, மதிப்பெண் பங்கீடு வேறு, நூல் வேறு. அவ்வளவே.

அந்த நூலில் என்ன இருக்கிறது? நடுவண் வாரியப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பிற்கு வைக்கப்பட்டுள்ள முதன்மை ஆங்கிலப் பாடநூலின் முதற்கதை மெக்சிகோ நாட்டார் ஒருவர் இசுபானிய மொழியில் எழுதியது. ஆன் பிராங்கின் நாட்குறிப்பு டச்சு மொழியில் பிறந்தது. நூலின் ஈற்றிலுள்ள நாடகம் உருசியரான செக்காவ் எழுதியது. இவற்றுக்கு நடுவே எட்டு அகவைச் சிறுமி ஒருத்தி ஊருந்தில் ஏறி நகரம் சென்று மீளும் கதை ஒன்று உண்டு. சிறுமியின் பெயர் வள்ளியம்மை. எழுதியவர் வல்லிக்கண்ணன். நெல்லை மாவட்டத்து இராசவல்லிபுரத்துக்காரர். 1978-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற தமிழ் எழுத்தாளர்!

எத்துணைப் பெரிய வேடிக்கை! தமிழன் தமிழில் எழுதிய கதை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, தில்லியில் அச்சேறி, முதுகுன்றத்துத் தமிழ்ப்பிள்ளைக்கு 'ஆங்கில இலக்கியம்' என்று விற்கப்படுகிறது. கதையைக் குறை சொல்வதற்கில்லை. அதைத் தேர்ந்தவர்களுக்கு நன்றியே சொல்ல வேண்டும். மெக்சிகோக்காரனையும் உருசியனையும் தமிழ்ப்பிள்ளை அறிவதும் நன்றே. ஆனால் வள்ளியம்மையை அவள் பேசிய மொழியிலேயே படிக்கும் உரிமை அப்பிள்ளைக்கு உண்டா இல்லையா என்பதே கேள்வி.

இங்குதான் வாரிய மாற்றத்தின் உட்பொருள் வெளிப்படுகிறது. நடுவண் வாரியத்தில் நெடுங்காலமாக உள்ள விதி, பத்தாம் வகுப்பில் மாணவன் இரு மொழிகள் எடுக்க வேண்டும் என்பது; அவற்றுள் ஒன்று இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருந்தே தீர வேண்டும்; விரும்பினால் இரண்டையுமே எடுக்கலாம். தமிழையும் எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் விதியில் இருக்கை போடப்பட்டுள்ளது. தமிழ் வந்தால் உட்காரலாம் என்று திண்ணை காட்டப்பட்டுள்ளது.

தேர்வு நெறியைத் திருத்தித் தமிழைத் திண்ணைக்குத் தள்ளும் வேலை புதியதன்று. 1902-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழை நீக்கும் முயற்சி எழுந்தபோது, பரிதிமாற்கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்று தடுத்தனர். 1911-இல் பட்டப்படிப்பில் தமிழ் விருப்பப் பாடமாக்கப்பட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழ் கற்பித்துவந்த மறைமலையடிகள் அவ்வாண்டில் அப்பணியை விட்டு வெளியேறினார். யாரும் தமிழை ஒழிப்பதாக அறிவிக்கவில்லை. 'விருப்பம்' என்றனர், அவ்வொரு சொல்லே போதியதாயிற்று. அந்த அடிகளே ஆங்கிலத்தில் இதழ் நடத்தும் அளவுக்கு ஆங்கிலம் வல்லவர் என்பதை, தனித்தமிழ் என்றால் ஆங்கிலப் பகை என்று பிதற்றுவோர் ஒருமுறையேனும் எண்ணிப்பார்ப்பது நல்லது.

தமிழக அரசு 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் இயற்றியது. 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் அதைத் தள்ளிவைக்க முயன்றனர். சென்னை உயர்நயன்மன்றம் சூலையில் அம்முயற்சியை வீழ்த்த, ஆகத்து 9-ஆம் நாள் உச்சநயன்மன்றமும் அவ்வாண்டே செயற்படுத்துக என்று ஆணையிட்டது. அதற்கு முன்பெல்லாம் மெட்ரிகுலேசன் பள்ளியில் தமிழின் இடத்தில் இந்தி, பிரெஞ்சு, சமற்கிருதம் என எதையும் அமர்த்தலாம். அந்த வாயில் அடைபட்டதும் பள்ளி முதலாளிகள் பலர் வேறு வாயில் தேடி நடுவண் வாரியத்திற்கு ஓடினர். பாடத்திட்டத்தின் உயர்வு கருதி மாறியோரும் உண்டு. மருத்துவ நுழைவுத்தேர்வின் அச்சம் 2017-க்குப் பின் அவ்வோட்டத்தை விரைவுபடுத்தியதும் உண்மை. ஆயினும் ஓடியவர்கள் எதை விட்டு ஓடினர் என்பதை மறைக்க முடியாது.

இதைக் கண்டே 2014-இல் நடுவண் வாரியப் பள்ளிகளுக்கும் தமிழ்ப்பாடம் கட்டாயம் என்று மாநில அரசு ஆணை பிறப்பித்தது. 2015–16-இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாய் ஏறினால், 2024–25-இல் பத்தாம் வகுப்பை எட்டியிருக்க வேண்டும். ஏட்டுக் கணக்கு சரிதான். ஆனால் வாரியத் தேர்வின் மதிப்பெண் சான்றில் இடம்பெறாத பாடத்தை எந்த மாணவன் உளங்கொண்டு படிப்பான்? எந்தப் பள்ளி அதற்கு நல்ல ஆசிரியரை அமர்த்தும்?

முதுகுன்றத்துச் சூளைக்காரரிடம் இதைக் கேட்டால் விளங்கச் சொல்வார். மின்காப்புப் பொருளும் பொம்மையும் செய்யும் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. பீங்கான் என்பதும் கடன்சொல்லே, அது வேறு வழக்கு. களிக்குழம்பை அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சியபின் வடிவம் எடுத்து, உலர்த்தி, மெருகு பூசிச் சுடுகின்றனர். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மெருகும் களியுடலும் ஒத்துச் சுருங்க வேண்டும். ஒவ்வாத மெருகு எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் மயிரிழை மயிரிழையாய் வெடித்துவிடும். ஆதலின் தொழிலறிந்தவன் முதலில் களியைப் பார்ப்பான். பிறகே மெருகைக் கூட்டுவான். பள்ளி மாற்றும் பெற்றோரோ மெருகின் பெயரை மட்டும் கேட்டு உருபாவைக் கட்டிவிடுகின்றனர்.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே இடைநிலைத் தேர்வு கேம்பிரிட்சுடன் இணைந்து நடத்தப்படுகிறது. ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆயினும் தமிழ்ப்பிள்ளை அத்தேர்வில் தமிழைத் தாய்மொழிப் பாடமாக எழுதுகிறது. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. கடல் கடந்த அயல்நாட்டு வாரியத் தேர்வில் தமிழுக்கு உறுதியான இடம். கடலூர் மாவட்டத்தில் திண்ணை!

ஆகவே வாரியம் மாற்றுவதா வேண்டாவா என்று முதுகுன்றத்துப் பெற்றோர் அவரவர் பிள்ளையின் நிலை நோக்கி முடிவு செய்துகொள்ளட்டும். மாற்றினாலும் ஒன்றைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். நடுவண் வாரியத்தில் மாணவரின் பெயரும் பாடங்களும் பதிவு பெறுவது ஒன்பதாம் வகுப்பில். அப்படிவத்தில் ஆங்கிலத்திற்கு அடுத்த வரியில் எந்த மொழி எழுதப்படுகிறது என்று பள்ளி அலுவலகத்தில் பார்க்க வேண்டும். இந்தி என்று எழுதப்பட்டிருந்தால், பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திராமல் அன்றே அதை அடித்துத் தமிழ் என்று எழுதச் சொல்ல வேண்டும்.