காற்றுள்ளபோதே கையெழுத்து!

புத்தூர் நாலு ரோட்டு டீக்கடைகளில் பந்து என்றால் இன்னமும் கிரிக்கெட் பந்துதான். ஆனாலும் காலேஜ் பையன்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு கால்பந்துக்குத் தாவிவிடுகிறது. அவர்கள் அடிக்கடி மல்லுக்கட்டும் விஷயம் ஒன்று உண்டு: அணியின் நட்சத்திர வீரருடைய ஒப்பந்தத்தை கிளப் எப்போது நீட்டிக்க வேண்டும்?

ஐரோப்பியக் கோடீஸ்வரர்களின் கவலை நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் குடும்பங்களுக்கு இது நன்றாகவே புரியும். முன்கூட்டியே பேசினால் வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று பயம். கடைசி வரை பேசாமல் இருந்தால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாரோ என்றும் பயம்.

முதலில் விதியைப் பார்ப்போம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு வீரர் அடுத்த கிளப்புடன் கையெழுத்துப் போடலாம் என்கிறது ஃபிஃபா. காலக்கெடு முடிந்துவிட்டால் அவருக்கு விலை கேட்கும் உரிமை பழைய கிளப்புக்கு இல்லை. பெல்ஜியம் வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு போட்ட பாதை அது. 2024-ல் எம்பாப்பே பாரிஸை விட்டு ரியல் மாட்ரிட் போனபோது, பாரிஸ் கிளப்புக்கு மாற்றுத் தொகையாக ஒரு காசுகூட வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம சென்னையின் எஃப்.சி. கதையே இருக்கிறது. 2019-20 சீசனில் லித்துவேனியாவிலிருந்து வந்த நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டு தங்கக் காலணி வாங்கினார். பாதியில் பயிற்சியாளராக வந்த ஓவன் கோயல், பட்டியலின் அடியில் கிடந்த அணியைத் தூக்கி இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் ரசிகர்களே இல்லாத கோவா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள். சென்னைக்கு விழுந்த அந்த ஒரே கோலும் வால்ஸ்கிஸ் போட்டதுதான்.

அடுத்த சீசனுக்குள் கோயலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள். சென்னை அந்த வருஷம் 20 ஆட்டத்தில் 17 கோல் மட்டுமே போட்டு எட்டாவது இடத்தில் முடித்தது. “முன்னாடியே நீட்டித்திருக்க வேண்டாமா?” என்று ரசிகர்கள் கொதித்ததில் தப்பில்லை.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் சாட்சி இதே அணியில் இருக்கிறது. அதே சீசனில் ஜொலித்த பிரேசில்காரர் ரபேல் கிரிவெல்லாரோவை சென்னை விடவில்லை. தக்கவைத்து, கேப்டன் பட்டமும் கட்டியது. பாதி சீசனில் கணுக்காலில் அடிபட்டு அவர் வெளியேறினார். போனவருக்காக ஒரு பக்கம் வருத்தம், இருந்தவருக்காக மறுபக்கம் வருத்தம். இருவருமே அப்போது முப்பதைத் தாண்டியவர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

என் கட்சி இதுதான். முப்பது தாண்டியவருக்கு ஒரு வருஷம் நீட்டினால் போதும். அடுத்த வருஷத்தை அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கோ இரண்டு வருஷம் பாக்கி இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். யாராக இருந்தாலும், கடைசி ஆறு மாதத்துக்குள் காலடி வைக்கும் முன் முடிவு தெரிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பேரம் பேசும் பலம் கிளப் கையில் இல்லை. இன்னொன்று, சம்பளத்தை நிர்ணயிக்க வேண்டியது இனிமேல் போடப்போகும் கோல்கள். போன சீசன் கோல்களுக்கான கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டால் பழைய ருசி வருமா? வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் சென்னைக்கே திரும்பினார். அந்த சீசனிலும் அணிக்குக் கிடைத்தது எட்டாவது இடம்தான்.

வீரரின் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு கால்பந்து வீரரின் சம்பாத்திய காலம் பத்து, பன்னிரண்டு வருஷம். முழங்கால் ஒருமுறை திரும்பினால் அதிலும் பாதி போச்சு. “இன்னும் நல்ல விலை வரும்” என்று காத்திருப்பவர், தன் உடம்பை வைத்துச் சூதாடுகிறார். சீக்கிரம் போடும் கையெழுத்து அவருக்கு ஒரு காப்பீடு.

இதையெல்லாம் தாண்டி ஒரு வேடிக்கை, வேதனையான வேடிக்கை. வீரர்களின் ஒப்பந்தத்தைப் பற்றி நாம் வாதாடிக்கொண்டிருக்க, லீகின் ஒப்பந்தமே காலாவதியாகும் நிலைக்கு வந்துவிட்டது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-ல் வணிகக் கூட்டாளியோடு போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. நேரத்தில் புதுப்பிக்காததால் அந்த ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் சென்னையின் எஃப்.சி. தன் அணியின் செயல்பாடுகளையே நிறுத்தியது. பதினைந்து வருஷம் முன்பே தெரிந்த தேதி அது!

நட்சத்திரம் போனால் அணி தாங்கும், இன்னொருவர் வருவார். லீக் நின்றால் தாங்க முடியாதவர்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெயர் தெரியாத பையன்களும், அவர்கள் அனுப்பும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகளும்தான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற புத்திமதி, வீரர்களை விட அதிகாரிகளின் மேஜை மேல் எழுதி வைக்க வேண்டிய ஒன்று.