நர்ஸ் கேட்டால் கோபப்படாதீர்கள்

பி.காம். படிக்கிறவனுக்கு ஊசி மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். சர்க்கரை நோயாளியான என் பாட்டிக்குத் துணையாக நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தெரிந்துகொண்டதுதான் இது.

ஒவ்வொரு இன்சுலின் ஊசிக்கு முன்னாலும் நர்ஸ் அக்கா பாட்டியின் பெயரைக் கேட்பார். கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு மருந்தையும் அளவையும் இன்னொரு நர்ஸிடம் காட்டுவார். "ஒரு ஊசிக்கு இத்தனை தடவை சரிபார்க்கணுமாக்கா?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு சிரிஞ்சுகளைக் காட்டினார். சிவப்பு மூடி போட்டது, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. நம் நாட்டில் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 யூனிட் வகை மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட்! இரண்டரை மடங்கு. சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வவுச்சரை எழுதியவரே அதைச் சரிபார்க்கக் கூடாது என்று ஆடிட்டிங்கில் படிக்கிறோம். கணக்கில் தப்பு வந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இங்கே?

ஆக, திரும்பத் திரும்பக் கேட்கும் நர்ஸ் விஷயம் தெரியாதவர் அல்ல, தெரிந்தவர். ஒரே நர்ஸின் தலையில் ஒரு வார்டையே கட்டினால் முதலில் விட்டுப்போவது இந்த இரண்டாவது பார்வைதான். சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் நிர்வாகங்கள் இந்தச் செலவையும் கணக்கில் எழுதட்டும்.

நாமும் அடுத்த முறை பெயரைக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுவோமே!