பாட்டுக்கு உடையவர் யார்?

குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்காகக் காத்துநின்ற வேளை, முன்னர் என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் அருகே வந்தான்.

"சேர், 2005ஆம் ஆண்டுத் திருவிழாவிலை அப்பப்பா பதிஞ்ச நாதஸ்வரக் கச்சேரி இறுவட்டுக்கள் என்னட்டை இருக்கு. இணையத்திலை போடப்போறன். சும்மா கேக்கலாம், சிறுதொகை கட்டினால் தரவிறக்கலாம்" என்றான்.

"வாசித்தவரிடம் கேட்டாயா, தம்பி?"

"இறுவட்டு எங்கடைதானே, சேர்?"

நேயர்களே, நெல்லை வாங்கியவன் வயலுக்கு உடையவன் ஆவதில்லை. ஓர் இசைப்பதிவில் மூவர்க்கு உரிமை உண்டு: இயற்றியவர், பாடியவர் அல்லது வாசித்தவர், பதிவு செய்தவர். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்றியவரின் உரிமை அவர் ஆயுட்காலமும், மறைந்தபின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஏனைய இருவர்க்கும் 50 ஆண்டுகள். தியாகராஜ சுவாமிகள் 1847இல் சித்தியடைந்தார்; அவர் கீர்த்தனையை எவரும் வாசிக்கலாம். ஆயின் அதனை 2005இல் வாசித்த வித்துவானின் உரிமை 2055 முடியும்வரை உளது. அப்பப்பா வழியாக மாணவனுக்கு வந்தது பதிவு செய்தவரின் பங்கு மட்டுமே.

வானொலிக்குள்ள சலுகை இணையத்துக்கும் உண்டென்று எண்ணுவோர் உளர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, உடையவர் இசையாவிடினும் நிர்ணயித்த கட்டணம் செலுத்திப் பாடலை ஒலிபரப்ப இடந்தருகின்றது. விங்க் என்னும் இணைய இசைச் சேவை அவ்வுரிமையைக் கோரியது. டிப்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், அப்பிரிவு இணைய இசைக்குப் பொருந்தாதென மும்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் மேன்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. ஆகவே உடையவரின் சம்மதமே வழி.

பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உளர். நம் தீவகத்து இளைஞன் என் செய்வான்? அஞ்சிப் பெட்டியிற் பூட்டிவைத்தால் இறுவட்டுப் பழுதாகும். அரிய இசையும் அதனோடு அழியும். அஞ்சாது விற்றாலோ, ஊதி உழைத்தவன் வீட்டுக்கு ஒரு சதமும் சேராது. இரண்டும் தீங்கே. எவ்வெக் கச்சேரி, எத்தனை ஆண்டு, கேட்பதற்கா தரவிறக்குவதற்கா, வருவாயில் எவர்க்கு எவ்வளவு, கணக்கு எப்போது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நன்று.

அடுத்த ஞாயிறு இருவரும் வேலணைக்குச் சென்றோம். வித்துவான் மறைந்துவிட்டார். மகளார் கைத்தொலைபேசியில் தந்தையின் தோடியைக் கேட்டுக் கண்கலங்கினார்.

"காசு வேண்டாம், தம்பி. அப்பாவின்ரை பேரைப் போட்டால் போதும்."

மாணவன் என்னை நோக்கினான். "பெயரையும் போடு, பங்கையும் எழுது" என்றேன்.

அவன் எழுதினான். பெயர் அவர்க்கு நாம் செய்யும் மரியாதை. பங்கு அவர் உழைப்புக்கு உரிய கூலி. ஒன்றைக் கொடுத்தமையால் மற்றொன்று தீர்ந்துவிடாது.